எண்ணூர் மணலும் நமது மாணவர் விடுதியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் திருவொற்றியூரில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எழுத்தும் சொல்லும் பொருளும் கற்பித்து ஊதியம் பெறும் எம்மை, மணலும் சிமெண்டும் பற்றிப் பேசுமாறு நமது செயலாளர் அவர்கள் பணித்த பொழுது, யாம் முதற்கண் தயங்கினோம். கொத்தனார்களும் மேஸ்திரிமார்களும் நிறைந்த இவ்வவையில் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியன் கட்டட வேலை பேசுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும் அன்றோ? ஆயினும் ஒரு காரணம் பற்றி இசைந்தோம். மணலைப் பற்றி அரைகுறையாக அறிந்து, அவ்வறிவினாலேயே யாம் ஒரு பெரும் பிழை புரிந்தோம். அப்பிழை நமது சங்கத்து மாணவர் விடுதியில் மீண்டும் நிகழாதிருத்தல் வேண்டும். அதன்பொருட்டே இன்று பேசத் துணிந்தோம்.

நாம் வாழும் இவ்வட்டாரத்தின் தொழில் யாது? பிறர் கட்டிக்கொள்வதற்கு வேண்டும் பொருளைச் சுமந்து கொடுப்பதே பன்னெடுங்காலமாக இதன் தொழிலாக இருந்து வருகின்றது. இந்திய நாட்டில் முதன்முதல் ஓடிய இருப்புப்பாதை வண்டி யாது என வினவினால், 1853 ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து தானாவுக்கு ஓடியது என்று பிள்ளைகள் விடையளிப்பர். மக்களை ஏற்றிச் சென்ற வண்டியைக் குறித்தவரை அவ்விடை பொருந்தும். ஆயின் அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்னரே, 1837 ஆம் ஆண்டில், செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரையில் ஓர் இருப்புப்பாதை இயங்கிற்று. அதனை அமைத்தவர், பிற்காலத்தில் கோதாவரியாற்றுக்கு அணை கட்டிப் புகழ்பெற்ற ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர். அவ்வண்டி சுமந்தது மனிதரையன்று. சென்னைப் பட்டணத்துச் சாலைகளுக்கு வேண்டிய செம்பூராங்கல்லை. ஆகவே நமது நாட்டில் இருப்புப்பாதை பிறந்ததே சாலை போடும் கல்லுக்காக என்பது உணரற்பாலது.

அதற்கும் முன்னர் நீர்வழி இருந்தது. 1806 ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து எண்ணூர் வரையில் வெட்டப்பட்ட காக்ரேன் கால்வாயே பின்னர் வடக்கிலும் தெற்கிலும் நீட்டப்பெற்றுப் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. உப்பும் விறகும் கிளிஞ்சலும் அதன் வழியே படகேறிப் பட்டணம் புகுந்தன. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பே அந்நாளைச் சென்னை மாளிகைகளின் உடல். கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்து, பல முறை பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகிட்ட சென்னைச் சுதை பளிங்கு போல மின்னியதென அயல் நாட்டார் வியந்தனர். 1856 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரையில் தென்னாட்டின் முதற் பயணிகள் இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. 1875 ஆம் ஆண்டை அடுத்து, பெருங்கான்கிரீட் கட்டிகளை அடுக்கித் துறைமுகச் சுவர் எழுப்பத் தொடங்கினர். 1881 ஆம் ஆண்டுப் புயல் அதிற் பெரும் பகுதியைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். சிமெண்டுங்கூட இந்நாட்டில் தொடக்க நாளிற் செய்ய முயன்ற இடங்களுள் சென்னையும் ஒன்று. 1904 ஆம் ஆண்டில் கடற்சிப்பியைக் கொண்டு அதனை ஆக்க முற்பட்டனர். அம்முயற்சி நிலைக்கவில்லை. பத்தாண்டு கழித்துப் போர்பந்தரில் தொடங்கிய தொழிலே வேரூன்றிற்று.

இவையனைத்தும் கழிந்த கதைகள். இன்றும் நிலைபெற்றிருக்கும் ஒரு பெருமை நமது எண்ணூருக்கு உண்டு. அதனை நம்மவரிற் பலர் அறியார். இந்தியாவின் எம்மூலையில் எந்த ஆலையிற் சிமெண்டு செய்யப்படினும், அதன் வலிமையை அளந்தறிதற்கு எண்ணூர் மணலே வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 650 ஆம் எண் விதி, சோதனைக்குரிய மணல் தமிழ்நாட்டு எண்ணூரிலிருந்து பெறப்படுதல் வேண்டும் என்று ஊர்ப்பெயர் சுட்டியே கூறுகின்றது. முன்னாளில் இங்கிலாந்திலுள்ள லெய்ட்டன் பஸ்ஸார்டு என்னும் ஊரின் மணலே இச்சோதனைக்கு அளவாக இருந்தது. அவ்விடத்தைப் பின்னர் எண்ணூர் மணல் பெற்றது. தமிழ்நாடு கனிம நிறுவனம் அதனைப் பக்குவஞ் செய்து நாடெங்கும் அனுப்புகின்றது.

சிமெண்டைச் சோதிக்க ஒரே ஊர் மணல் ஏன் வேண்டும் என நீங்கள் வினவலாம். தக்க வினாவே. சிமெண்டு தனித்து நின்று சுமை தாங்குவதன்று. மணலைப் பற்றிக்கொண்டு இறுகியே வலிமை காட்டும். ஓர் ஊரார் பருமணலிலும், மற்றோரூரார் சேற்று மணலிலும் கலந்து சோதிப்பராயின், கட்டி உடைந்தவிடத்துக் குற்றம் சிமெண்டினதோ மணலினதோ என்று துணிய இயலாது. மாறுவன இரண்டாயின் காரணம் புலப்படாது. ஒன்றனை நிறுத்தி மற்றொன்றனை மாற்றினாலன்றி உண்மை வெளிப்படாது. ஆதலின் மணலை ஒருபடித்தாக நிறுத்திவிட்டனர். நடுவு நிலைமை கூறவந்த திருவள்ளுவர் துலாக்கோலை உவமை காட்டினார். அக்கோல் தானே கோணுமாயின் நிறுத்த பொருளெல்லாம் பொய்யாகும். எண்ணூர் மணல் அத்தகைய கோல்.

அச்சோதனை நடைபெறும் முறையையும் சுருங்கக் கூறுவாம். சிமெண்டு 200 கிராம், மணல் 600 கிராம், அளந்த நீர் ஆகியவற்றைக் கலந்து, பக்கம் 70.6 மில்லிமீட்டர் உள்ள கனசதுர அச்சில் இட்டு, நிமிடத்திற்கு ஏறக்குறைய 12,000 முறை அதிரும் மேடைமேல் இரண்டு நிமிடம் வைத்து இறுக்குவர். அம்மணலிலும் மூன்று பருமன் உண்டு: 2 மில்லிமீட்டருக்கும் 1 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்டது ஒரு பங்கு, 1 மில்லிமீட்டருக்கும் அரை மில்லிமீட்டருக்கும் இடைப்பட்டது ஒரு பங்கு, அதனினும் நுண்ணியது ஒரு பங்கு. வார்த்த கட்டியை ஒரு நாள் ஈரக்காற்றிலும், பின்னர் நீரிலும், 27 பாகை வெப்பத்தை ஒட்டி வைத்திருந்து, 3, 7, 28 ஆம் நாட்களில் எந்திரத்திலிட்டு நசுக்குவர். மூட்டையின்மேல் 43 என்று அச்சிட்டிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். 28 ஆம் நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 43 நியூட்டன் அழுத்தம் தாங்கும் என்பதே அதன் பொருள். அஃதாவது உள்ளங்கையில் அடங்கும் அச்சிறு கட்டி ஏறத்தாழ 22 டன் சுமைக்குப் பின்னரே உடைதல் வேண்டும்.

இது நிற்க. எமது பிழையை இனிக் கூறுவாம்.

பதினான்கு ஆண்டுகட்கு முன்னர் எமது இல்லத்தின் மேல் ஓர் அறை எழுப்பினோம். கையிற் பொருள் குறைவு. ஆற்று மணல் விலை ஏறியிருந்தது. அவ்வமயம் மணல் விற்பார் ஒருவர் பாதி விலைக்கு ஒரு லாரி மணல் கொணர்ந்து கொட்டினார். நமது முதிய கொத்தனார் அதில் ஒரு சிட்டிகை எடுத்து நாவில் வைத்து, "ஐயா, இது கடலோரத்து மணல், உப்புக் கரிக்கிறது, வேண்டாம்" என்றார். எழுதப் படிக்க அறியாத அவரது சொல்லை யாம் ஏற்றிருத்தல் வேண்டும். ஏற்றோமில்லை. எண்ணூர் மணலே இந்தியா முழுமைக்கும் அளவுகோல் என எங்கோ படித்திருந்தோம். "கடலோரத்து மணலா தீது? தர நிர்ணயத்தாரே நமது கடற்கரை மணலைத்தான் வாங்குகின்றனர்" என்று புத்தகத்தை முன்னிறுத்தி அவர் வாயை அடைத்தோம். அவர் எம் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றுங் கூறாது கரண்டியை எடுத்துக்கொண்டார்.

ஒன்பதாம் ஆண்டில் கூரையின் அடிப்புறத்தில் கம்பி ஓடிய வழியே பழுப்புக் கோடுகள் தோன்றின. மழைநீர்க் கறை எனக் கருதி வெள்ளையடித்து மறைத்தோம். பதினோராம் ஆண்டு ஐப்பசித் திங்களில் ஒருநாள் மாலை, கூரையிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. எமது மகள் பாய் விரித்துப் படித்துக்கொண்டிருந்த இடம் அது. தண்ணீர் குடிப்பதற்காக அவள் கீழே இறங்கிச் சென்று இரண்டு நிமிடமும் ஆகவில்லை. விரித்த புத்தகத்தின்மேல் அப்பாளம் கிடந்தது. அதனைக் கண்ட அன்று எமக்கும் எம் மனைவிக்கும் உணவு செல்லவில்லை.

எம்மிடம் பயின்று இன்று கட்டடப் பொறியாளராக இருக்கும் மாணாக்கர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். அவர் பெயர்ந்த கம்பியைச் சுரண்டிக் காட்டி விளக்கினார். சிமெண்டின் காரத்தன்மை கம்பியைத் துருவேறாது காக்கும் கவசம் போன்றது. மணலோடு வந்த உப்பு, ஈரத்திற் கரைந்து கம்பியை அணுகி அக்கவசத்தைத் துளைக்கும். துரு, தான் தின்ற இரும்பினும் பன்மடங்கு பருத்து, உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். "ஐயா, வெளியிலிருந்து வரும் பகையைச் சுவர் தடுக்கும், தாங்களே உள்ளே வைத்துப் பூசிய பகையை யார் தடுப்பார்?" என்று அவர் கூறியபொழுது, எமது மாணாக்கர் எமக்கு ஆசிரியரானார்.

எண்ணூர் மணலைப் பற்றி யாம் படித்தது பொய்யோ எனின், பொய்யன்று, பாதியே படித்தோம். தர விதி கூறும் மணல், கரையில் அள்ளியவாறே அனுப்பப்படுவதன்று. அது வெண்மையோ இளஞ்சாம்பல் நிறமோ உடைய படிகக்கல் மணலாக இருத்தல் வேண்டும், வண்டல் கூடாது, உயிர்ப்பொருட் கலப்புக் கூடாது, தட்டையும் நீளமுமான பருக்கைகள் மிக அரியவாகவே இருக்கலாம், சுடு அமிலத்தில் இட்டால் நூற்றுக்குக் கால் பங்குக்கு மேல் எடை குறைதல் கூடாது. அதனைப் பருமன்வாரியாகப் பிரித்த பின்னரே மூட்டை கட்டுவர். மேலும் அது சோதனைச்சாலைக்கு உரியது, வீடு கட்டுதற்குரியதன்று. எண்ணூரிற் பிறந்தமையால் மட்டும் அம்மணலுக்கு அப்பெருமை வந்திலது. பக்குவமும் சோதனையும் கடந்தமையால் வந்தது. குலப்பெருமை பேசக் கூடும் நமது சங்கத்தாரும் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். இன்ன மரபிற் பிறந்தோம் என்பது கரை மணலை ஒக்கும். கற்றுத் தேர்ந்தோம் என்பதே அளவுகோலாவது.

கடற்கரை மணலை ஒதுக்குதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நமது கரையோரமாகக் கடலலை ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் சுமந்து செல்கின்றது. துறைமுகச் சுவர் எழுந்தபின் அம்மணல் சுவருக்குத் தெற்கே தங்கிவிட்டது. மெரினாக் கடற்கரை விரிந்தது அதனாலேயே. வடக்கேயுள்ள நமக்கு வரவேண்டிய மணல் வாராமையால், இராயபுரம் தொட்டு வடபால் தெருக்களையும் குப்பங்களையும் கடல் தின்றது. கருங்கற் குவியலால் தடுப்புச் சுவர்கள் இட்டே எஞ்சியதைக் காத்து வருகின்றனர். அங்ஙனமிருக்க, எஞ்சிய மணலையும் நாமே அள்ளுவது, வீட்டின் வாயிற்படியைப் பெயர்த்து மாடி கட்டுவதனோடு ஒக்கும். சட்டமும் அதனை விலக்கியுள்ளது.

இனிச் சாம்பலைப் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். ஏனெனில், விடுதிக்குச் சாம்பல் கலந்த சிமெண்டு வேண்டாம் எனச் சிலர் கூறக் கேட்டோம். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 ஆம் ஆண்டு முதல் 2017 ஆம் ஆண்டு வரை இயங்கிற்று. வடசென்னை அனல்மின் நிலையம் 1994 ஆம் ஆண்டிலிருந்து இயங்குகின்றது. நிலக்கரி எரிந்த சாம்பல் கொசத்தலையாற்றுக் கழிமுகத்திற் படிந்து மீனவர்க்கு இழைத்த கேட்டை நாம் அறிவோம். எனினும் அதே நுண்சாம்பல், உரிய முறையிற் சிமெண்டோடு சேருமாயின், நீரோடு கூடிய சிமெண்டு வெளியிடும் சுண்ணாம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல இறுகி, கான்கிரீட்டின் நுண்துளைகளை அடைக்கின்றது. உப்பு நுழைவது அதனால் அரிதாகின்றது. நம் முன்னோர் சுண்ணாம்பிற் செங்கற்பொடியாகிய சுர்க்கி கலந்ததும் இக்கருத்துப் பற்றியே. 1895 ஆம் ஆண்டில் முடிந்த முல்லைப் பெரியாற்று அணை சுண்ணாம்பும் சுர்க்கியுங் கொண்டு கட்டியதே. நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு வரை சாம்பல் சேர்த்துச் சிமெண்டு செய்யத் தர விதி இடந்தருகின்றது. அது மெல்ல வலுப்பெறுவது. ஆதலின் நெடுநாள் ஈரங் காத்தல் வேண்டும். காத்தால் கடற்கரை வீட்டுக்கு அதுவே நன்று.

அன்பர்காள்! நமது மாணவர் விடுதியின் மேற்கூரை வருகின்ற தைத் திங்களில் வார்க்கப்பட இருக்கின்றது. செலவைக் குறைக்கும் நல்லெண்ணத்தினால், மலிவாகக் கிடைக்கும் மணல் ஒன்றனை வாங்கலாம் என நமது பொருளாளர் ஐயா அவர்கள் சென்ற கூட்டத்தில் மொழிந்தார்கள். சங்கத்துப் பொருளைத் தம் பொருளினும் மேலாகக் காப்பவர் அவர். அவர்பால் எமக்குள்ள மதிப்பு யாவரும் அறிந்ததே. ஆயினும் அவர் திருமுன்னரே பணிந்து மறுக்கின்றோம். அக்கூரையின்கீழ்ப் பிறர் பிள்ளைகள் உறங்கப் போகின்றனர். தந்தை தாயர் நம்மை நம்பி அனுப்புவர். எமது மகள் தண்ணீர் குடிக்க எழுந்தாள். எல்லாப் பிள்ளைகளும் உரிய நேரத்தில் எழுவர் என்பதற்கு உறுதி யாது?

ஆதலின் சில வேண்டுகோள்களை இவ்வவையின்முன் வைக்கின்றோம். முதலாவது, வரும் மணல் எம்-சாண்ட் ஆயினும் ஆற்று மணலாயினும், ஒவ்வொரு லாரியும் இறங்குமுன் நமது கொத்தனார் பார்த்து ஒப்புதல் வேண்டும். அவர் வேண்டாமென்றால் படித்தவர் எவரும் எதிர்வாதம் புரிதல் கூடாது. இரண்டாவது, உவர்நீரைக் கலவைக்கு எடுத்தல் கூடாது. கலவை இளகி ஓடுதற்பொருட்டு நீரை மிகுத்தலும் கூடாது. நீர் மிகுந்தால் வலிமை குறையும் என்பதனை 1918 ஆம் ஆண்டிலேயே அமெரிக்கரான டஃப் ஏப்ரம்ஸ் என்பார் சோதித்து நிறுவினர். மூன்றாவது, செய்து மூன்று திங்கள் கடந்த சிமெண்டைச் சோதியாது பயன்படுத்துதல் கூடாது.

நான்காவது, கடற்காற்று நேரே தாக்கும் கம்பிக் கான்கிரீட்டிற்கு, 28 ஆம் நாளிற் சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் வலிமையும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் மூடலும் தர விதி கூறும் அளவாகும். அதனிற் குறைக்க ஒருவர்க்கும் உரிமையில்லை. ஐந்தாவது, வார்த்த கூரையில் வெறுங் கட்டுப்பாத்தி கட்டிவிட்டு மறந்துவிடாது, பதினான்கு நாட்கள் ஈரங் காத்தல் வேண்டும். ஆறாவது, வார்க்கும் கலவையிலிருந்தே 15 சென்டிமீட்டர் கனசதுரக் கட்டிகள் எடுத்து, தகுதிபெற்ற சோதனைச்சாலைக்கு அனுப்புதல் வேண்டும். அதன் செலவு, திறப்பு விழாவிற்கு நாம் குறித்துவைத்த பூமாலைச் செலவினும் குறைவாகவே முடியும் என அறிந்தோர் கூறுகின்றனர். மாலைகளைக் குறைத்துக்கொள்வோம்.

இறுதியாக ஒன்று. நம்மவர் பலர் துறைமுகத்திற் சுமை ஏற்றியும், லாரி ஓட்டியும், சாரம் கட்டியும், கலவை சுமந்தும் இப்பட்டணத்தைக் கட்டினர். கட்டடப் பொறியியல் கற்றவரோ நம்மிடையே விரல்விட்டு எண்ணத்தக்கோரே. கைத்தொழிலறிவு ஒருவரிடமும் நூலறிவு மற்றொருவரிடமுமாகப் பிரிந்து கிடந்தமையாலன்றோ எமது கூரை வீழ்ந்தது? அம்முதியவர் நாவும் எமது புத்தகமும் ஒருங்கே கூடியிருப்பின் அவ்வறை இன்றும் நின்றிருக்கும். ஆதலின் இவ்விடுதியிலிருந்து ஆண்டுக்கு ஒரு பிள்ளையேனும் கட்டடப் பொறியியல் கற்கச் சங்கம் துணைபுரிதல் வேண்டும். கொத்தனார் வீட்டுப் பிள்ளைக்கு அதில் முதலிடம் தருதல் வேண்டும்.

அக்கொத்தனார் இரண்டு ஆண்டுகட்கு முன்னர் இறைவனடி சேர்ந்தார். கூரை வீழ்ந்த மறுநாள் யாம் அவரில்லம் சென்று, பிழை எம்முடையது எனக் கூறியபொழுது, அவர் கூறியது ஒன்றே: "குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே, ஐயா?" அதற்குமேல் ஒரு சொல்லும் அவர் பேசினாரல்லர். அவர் பெயரனார் இன்று இவ்வவையில் நமது விடுதியின் கொத்தனாராக அமர்ந்திருக்கின்றார். அவரது சொல்லுக்கு இம்முறை செவிசாய்ப்போமாக.

ஒற்றியூர்த் தியாகேசப் பெருமான் திருவருளால் நமது விடுதி பல்லாண்டு நிலைபெறுவதாக.